பேச்சுவார்த்தைக் கட்டம்

அந்த பஸ் கம்பெனியில் எனக்கு உத்தியோகம் கிடையாது. மத்தியானம் நாலு பேருக்குச் சோற்றுக் கேரியர் கொண்டுபோய் வைப்பேன். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் எடுத்துக்கொண்டு வருவேன். இடையில் முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பவளின் காதில் நாலு வார்த்தை விழுந்தால் அது காதின் குற்றம் இல்லை. சத்தமாகப் பேசுகிறவர்களின் குற்றம்.

கம்பெனி சின்னது. ஆறு வண்டி. காரைக்குடியிலிருந்து கல்லல், திருக்கோஷ்டியூர், மானகிரி என்று சுற்றிவிட்டு ஷெட்டுக்கு வந்துவிடும். ஆபீசில் இரண்டே அறை. முன்னறையில் மானேஜர், டைப் அடிக்கிற ஞானபூரணி, ஒரு டெலிபோன். பின்னறையில் பழைய டயர்களும் பியூன் மருதுவும். டைம்கீப்பர் சேதுபதி அண்ணனுக்கு பஸ் ஸ்டாண்டில் ஒரு மரக்கூண்டு. சாப்பிட மட்டும் ஆபீசுக்கு வருவார்.

ஆறு வண்டிக்கும் நிரந்தர டிரைவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்கு வயிற்றுவலி வந்தாலோ, வீட்டில் விசேஷம் வந்தாலோ, மறுநாள் வண்டியை எடுக்க ஸ்பேர் டிரைவரைக் கூப்பிட வேண்டும். முன்பெல்லாம் அந்த வேலை மருதுவுடையது. சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஆள் வயலில் இருந்தால் வயலுக்குப் போவார், மாமியார் வீட்டில் இருந்தால் மாமியார் வீட்டுக்குப் போவார். முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வருவார். மானகிரிக்குப் போன நாளில் எப்படியும் பையில் நாலு கத்தரிக்காய் இருக்கும். ஒரு நாளும் சேதி தவறியதில்லை.

1971 ஆவணியில் புது மானேஜர் வந்தார். சத்தியமூர்த்தி என்று பெயர், கும்பகோணம் பக்கம். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் கட்டம் போட்ட தாளில் பார்த்தால்தான் நம்புவார். ஒரு வாரத்துக்கு என்னென்ன குழம்பு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க முடியுமா என்று என்னையே கேட்டவர்.

"கத்தரிக்கா என்ன விலை விக்கிதுன்னு சந்தைக்குப் போனாத்தானே சார் தெரியும்" என்றேன். அத்தோடு விட்டுவிட்டார்.

மருது சைக்கிளில் போனால் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிறது, அதுவரை ஆபீசில் ஆள் இல்லை என்பது அவருடைய குறை. டெலிபோன் எதற்கு இருக்கிறது என்று கேட்டார். ஸ்பேர் டிரைவர் வீட்டில் டெலிபோன் எங்கே இருக்கும்? அதனால் பக்கத்தில் யார் வீட்டில், எந்தக் கடையில் போன் இருக்கிறதோ அந்த நம்பரை ஒவ்வொருவரிடமும் வாங்கினார். அதற்கு பி.பி. நம்பர் என்று பெயர். நம்முடைய போன் இல்லை, நமக்காக எடுப்பார்கள் என்று அர்த்தம்.

ஞானபூரணி அதைப் பட்டியலாக அடித்தாள். பெயர், ஊர், யார் மூலம், போன் நம்பர் என்று நாலு கட்டம். நடுவில் கார்பன் வைத்து மூன்று நகல். முதல் நகல் மானேஜர் மேசைக் கண்ணாடிக்கு அடியில். இரண்டாவது சேதுபதி அண்ணனுக்கு. மூன்றாவது, எழுத்து ஆவி போல மங்கியிருப்பது, பின்னறையில் மருதுவின் தலைக்கு மேல் ஓர் ஆணியில். யாருடைய விலாசம் மாறினாலும் ஞானபூரணியிடம் சொல்ல வேண்டும், அவள் மூன்று நகலிலும் திருத்துவாள் என்று உத்தரவு.

உத்தரவு நல்ல உத்தரவு. சேதுபதி அண்ணன் தன் நகலை எட்டாக மடித்து, வெற்றிலைப் பொட்டலத்தோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருத்துவதற்கு ஞானபூரணி கேட்டபோது, "என் காப்பி எங்கிட்டயே இருக்கட்டும்த்தா. மாத்தம் வந்தா நானே எழுதிக்கிருவேன்" என்றார். எழுதவும் எழுதினார். தன் நகலில் மட்டும்.

இதில் மாட்டிக்கொண்டது கருத்தையா.

கருத்தையா மானகிரியில் பெண் எடுத்து, அங்கேயே ஒரு வீட்டில் குடியிருந்தவன். எட்டு வருஷம் லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர், இப்போது இங்கே ஸ்பேர். வருகிற பங்குனியில் மூத்த டிரைவர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஸ்பேர் டிரைவர்களில் ஒருவரை எடுப்பதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. மானேஜர் அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார். கூப்பிட்டதில் அதிக நாள் வந்தவனுக்கு நிரந்தரம். மூன்று தடவை கூப்பிட்டு வராதவனுக்குப் பட்டியலிலேயே இடம் இல்லை.

கருத்தையா கொடுத்திருந்த பி.பி. நம்பர் மானகிரி அரிசி மில்லுடையது. அங்கே குமாஸ்தா முத்துராமன். கருத்தையாவின் மனைவி வீரலட்சுமிக்குக் கூடப்பிறந்த அண்ணன். இதைவிட நம்பிக்கையான நம்பர் உண்டா? ஐப்பசி வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

ஐப்பசியில் கருத்தையா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மடிக்கு உரியவன் முத்துராமன். அவன் முறைப்படி தோடு வாங்க அன்று காலையில் காரைக்குடிக்கு வந்தான். திரும்பிப் போன பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. யாருடைய பஸ் என்று கேட்கிறீர்களா? நம் கம்பெனி பஸ்தான். நல்ல நேரம் போகிறதே என்று அவசரப்பட்டு, கருத்தையாவின் பங்காளி ஒருவன் மடியில் பிள்ளையை வைத்துக் குத்திவிட்டார்கள். முத்துராமன் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து சேர்ந்தபோது பிள்ளை வேறொருவன் மடியில் அழுதுகொண்டிருக்கிறது. தோட்டுப் பெட்டியைத் தரையில் வைத்தான். திரும்பிப் போனான். அன்றோடு பேச்சும், நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தும் நின்றது.

பத்தாம் நாள் கருத்தையா சாமான்களைக் கட்டிக்கொண்டு காரைக்குடிக்கு வந்துவிட்டான். எங்கே வந்தான் என்றால், என் வீட்டுப் பின்கட்டுக்கு. என் வீட்டுக்காரர் லாரியில் சென்னைக்குப் போய்வருகிறவர். மாதத்தில் பத்து நாள்தான் வீட்டில் இருப்பார். பின்கட்டு சும்மாதான் கிடந்தது.

குடிவந்த மறுநாளே கருத்தையா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேதுபதி அண்ணனிடம் புது விலாசத்தைச் சொன்னான். எங்கள் தெருவில் போன் இருப்பது எதிர்வீட்டுக் கல்யாணசுந்தரி ஆச்சியிடம் மட்டும்தான். அந்த நம்பரையும் கொடுத்தான். அண்ணன் நகலை எடுத்தார், பிரித்தார், எழுதினார், மடித்தார், பையில் வைத்தார். ஆபீசில் சொல்லிவிட்டதாகக் கருத்தையா நிம்மதியாக வீட்டுக்கு வந்தான்.

அப்புறம் கார்த்திகை போயிற்று. மார்கழி பாதி போயிற்று. பின்கட்டில் கருத்தையா தினமும் புலம்பினான்.

"என்னக்கா இது, எல்லாரையும் கூப்பிடுறாக, என்னைய மட்டும் கூப்பிட மாட்டேங்கிறாக."

"நீ போய்க் கேளேன் தம்பி."

"கேட்டா வேலைக்கு அலையுறான்னு நினைப்பாக."

இந்த ரோஷம் ஒன்று நம் பக்கத்து ஆண்களுக்கு. அலைகிறவன்தான், ஆனால் அலைகிற மாதிரி தெரியக் கூடாது.

மார்கழி இருபதாம் தேதி வாக்கில் மத்தியானம் நான் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மானேஜர் கண்ணாடியைத் தூக்கி, பட்டியலை வெளியே எடுத்து, சிவப்புப் பென்சிலால் எதையோ குறித்தார்.

"ரெண்டு தடவை ஆச்சு. மூணாவது தடவையும் வரலைன்னா கருத்தையா பெயரை எடுத்துடுங்க" என்று ஞானபூரணியிடம் சொன்னார்.

எனக்கு ரசத்துக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"யாரை சார் சொல்றீக? கருத்தையா எங்க வீட்டுப் பின்கட்டுல சும்மா உக்காந்து முகட்டைப் பாத்துக்கிட்டு இருக்கான். ஆபீசுல கூப்பிட மாட்டேங்கிறாகன்னு அழுகாத குறை."

"ரெண்டு தடவையும் நானே போன் பண்ணேன்மா. மானகிரி மில்லுல ஒருத்தர் எடுத்தார். கருத்தையாகிட்ட சொல்லிடுங்கன்னேன். ம்னு மட்டும் சொன்னார்."

"எடுத்தது முத்துராமனா இருக்கும். அவன் ம்னுதான் சொல்லுவான். சொல்றேன்னு சொன்னானா?"

மானேஜர் யோசித்தார். சொல்லவில்லை என்றார்.

காதுகுத்துக் கதையைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்கு வந்த சந்தேகம் இது:

"பேச்சு இல்லைன்னாலும் ஆபீஸ் சேதி இல்லையா. ஒரு ஆளை விட்டுச் சொல்லி அனுப்பக் கூடாதா?"

"உங்க பக்கம் எப்படியோ சார். இங்க பேச்சு இல்லைன்னா இல்லைதான். கூரையில தீப்பிடிச்சாக்கூட அடுத்த தெருவுல போய்த்தான் தண்ணி கேப்பாக."

சேதுபதி அண்ணன் அப்போதுதான் கை கழுவ எழுந்தார். "கருத்தையா விலாசம் மாறினது எனக்குத் தெரியுமே. ஐப்பசியிலேயே சொல்லிட்டான்" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். ஞானபூரணி அவரைப் பார்த்த பார்வையில் மோர் திரிந்திருக்கும்.

"எங்கிட்ட சொல்லலையேண்ணே."

"நீ கேக்கலையேத்தா."

இரண்டு குறியையும் அழிக்கச் சொல்லி நான் கேட்டேன். மானேஜர் சம்மதிக்கவில்லை. விலாசம் மாறினால் ஞானபூரணியிடம் சொல்ல வேண்டும் என்பது விதி, கருத்தையா சொல்லவில்லை, குறி குறிதான் என்றார். ஆனால் ஒன்று செய்தார். பட்டியலை ஞானபூரணியிடம் நீட்டி, ஐந்தாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னார். தலைப்பு: பேச்சுவார்த்தை. அதன் கீழே, உண்டு அல்லது இல்லை.

"ஒவ்வொரு ஆளுக்கும், அவங்க பி.பி.காரங்களுக்கும் பேச்சு இருக்கான்னு போடணும். இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

முன்னறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பின்னறையிலிருந்து மருதுவும் எட்டிப் பார்த்தார்.

எனக்கு என்ன தெரியும்? கேரியர் கொண்டுபோகிற இடத்தில், அரிசி வாங்குகிற இடத்தில், குழாயடியில் காதில் விழுவதுதான். அதைச் சொல்லி முடிக்க மூன்று மத்தியானம் ஆயிற்று. அவ்வளவு நாளாக ஊரைப் பார்த்து வைத்ததற்கு ஒரு உபயோகம் வந்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கல்லல் மரியப்பனுக்கு உரக்கடை நம்பர். கடைக்காரருக்கும் மரியப்பனுக்கும் கிணற்று ராட்டினத்தால் பேச்சு நின்றது. ஆனால் இரண்டு வீட்டுப் பெண்களும் பேசுகிறார்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை கடையில் இருப்பது பெண்சாதிதான். "அப்ப அந்த நேரத்துல போன் பண்ணணும்" என்று மானேஜர் கட்டத்துக்குள் நேரத்தை எழுதச் சொன்னார். திருக்கோஷ்டியூர் டிரைவருக்குச் சொந்த அண்ணன் கடை நம்பர். அண்ணன் தம்பிக்குள் பேச்சு உண்டு. அண்ணன் மாமனார் எடுத்தால் ஒன்றும் பேசாமல் வைத்துவிட வேண்டும். இன்னொருவருக்கு இல்லை என்று அடித்த மறுநாளே உண்டு என்று மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு சாவு. கேதத்துக்குப் போன இடத்தில் பேச்சு வந்துவிட்டது.

"இப்படி மாறிட்டே இருந்தா எப்படிம்மா?" என்றார் மானேஜர்.

"மாறுறதுனாலதானே சார் மருதண்ணன் சைக்கிள்ல போனாக."

மருது பின்னறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இதெல்லாம் என்னைவிட அதிகமாகத் தெரியும். சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டவரிடம் அவர் ஏன் சொல்கிறார்?

மூன்றாம் நாள் கடைசியில் கருத்தையா வரி வந்தது. ஞானபூரணி புது நம்பரை அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"போன் ஆச்சி வீட்டுல. கருத்தையாண்ணன் உங்க பின்கட்டுல. ஆச்சி வந்து உங்ககிட்டதான் சொல்லணும். உங்களுக்கும் ஆச்சிக்கும் பேச்சு உண்டுல்லக்கா?"

ஊரில் எல்லோர் வீட்டு விவகாரத்தையும் மூன்று நாள் வரிசையாகச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டு விவகாரத்தைக் கார்பன் வைத்து அடித்து, டயருக்கு மேல் ஆணியில் தொங்கவிடவா? அதோடு, எங்கள் தெருவில் வேறு போனும் இல்லை. இல்லை என்று சொன்னால் கருத்தையா வரியையே எடுத்துவிடுவார் மானேஜர்.

"உண்டுன்னு போடு" என்றேன்.

எனக்கும் ஆச்சிக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம். ஆச்சியின் பேரனுக்கு ஏதோ ஒரு விசேஷம். தெருவில் எல்லா வீட்டுக்கும் பலகாரம் வந்தது. எங்கள் வீட்டுக்கு ஒரு பித்தளைத் தூக்கு நிறைய. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது, ஒரு கை சீனியாவது போட வேண்டும் என்பது மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும். நான் வெறும் தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அன்று வேறு வழி இல்லை. ஆச்சி குழாயடிக்குக் கேட்கிற மாதிரி, "தூக்கைக் கழுவத் தெரியுது, அதுல போடத்தான் கை வரலை" என்றார். எனக்கும் வாய் உண்டு. நானும் ஒன்று சொன்னேன். அத்தோடு சரி.

பொய் சொன்ன அன்றே வீரலட்சுமியை ஆச்சியிடம் அனுப்பினேன். போன் வந்தால் சொல்ல முடியுமா என்று கேட்டு வரச் சொன்னேன். அவள் திரும்பி வந்து, "போன் வந்தா எடுப்பாகளாம். தெருவுல நின்னு சொல்லுவாகளாம். இந்த வீட்டுப் படியில அவுகளும் ஏற மாட்டாக, அவுக ஆளும் ஏற மாட்டாகளாம்" என்றாள். அதுவே பெரிசு. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணிவரை கருத்தையாவோ வீரலட்சுமியோ வாசலில் இருப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

தைப்பூசம் வந்தது. பழனிக்குப் போகிற கூட்டத்துக்கு ஸ்பெஷல் விட வேண்டும். இரண்டு நாள் முன்னால் சாயங்காலம். அன்று பார்த்துக் கருத்தையா மகளுக்குக் காய்ச்சல், காதும் வீங்கியிருந்தது. டாக்டர் ஐந்து மணிக்கு வருவார் என்று புருஷனும் பெண்சாதியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

"அக்கா, போன் வந்தா?" என்று வாசலில் நின்றான் கருத்தையா.

"நான் இருக்கேன், போ" என்றேன்.

வாசலில் உட்கார்ந்தேன். முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கினேன். இல்லாத கல்லையெல்லாம் பொறுக்கினேன். ஆறேகால் மணிக்கு ஆச்சி வீட்டில் மணி அடித்தது. அந்தப் பெரிய வீட்டில் முகப்பில் மணி அடித்தால் தெருக்கோடி வரை கேட்கும். நாலு தடவை அடித்தது. எடுத்தார்கள். பிறகு சத்தம் இல்லை.

ஆச்சி வாசலில் வந்து நின்றார். வேலைக்காரப் பெண் ஐந்து மணிக்கே போயிருப்பாள், எனக்குத் தெரியும். ஆச்சி தெருவை மேலேயும் கீழேயும் பார்த்தார். என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் யாருடைய ஆடோ ஒன்று சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது.

"இந்தா ஆடு" என்றார் ஆச்சி. "தின்னது போதும், சொல்றதைக் கேளு. பஸ் ஆபீசுல இருந்து போன் வந்திருக்கு. டிரைவர் கருத்தையா நாளைக்குக் காலம்பற நாலரைக்கு ஸ்டாண்டுல நிக்கணுமாம். பழனி ஸ்பெஷலாம்."

ஆடு காதை ஆட்டியது.

நான் முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஏ ஆடு, டிரைவர் வீட்டுல இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல்னு டாக்டர்கிட்ட போயிருக்காக. வந்ததும் சொல்லிருவோம்னு சொல்லு."

"அது பத்தாதாம் ஆடு. வருவாரா மாட்டாரான்னு இப்பவே தெரியணுமாம். இல்லைன்னா பேரை எடுத்துருவாகளாம். அந்த மனுசன் லைன்ல நின்னு அலோ அலோங்கிறாரு."

பிள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. டாக்டர் என்ன சொன்னார் என்றும் தெரியாது. அவன் வருவான் என்று நான் எப்படிச் சொல்வது? ஆனால் பங்குனி என்ன ஆகும் என்பது தெரியும்.

"வருவாருன்னு சொல்லு ஆடு."

"யாரு சொன்னதுன்னு கேட்டா?"

"மீனம்மா சொன்னான்னு சொல்லு. மீனம்மா பொறுப்பு" என்று என் பெயரையே கொடுத்தேன்.

ஆச்சி உள்ளே போனார். போனில் ஏதோ சொல்வது கேட்டது. திரும்பி வந்தார். வேலை முடிந்தது, கதவைச் சாத்திக்கொண்டு போகலாம். போகவில்லை.

"பாத்தியா ஆடு" என்றார். "வெறும் பாத்திரம் வந்த வீட்டுக்கு நான் நின்னு சேதி சொல்ல வேண்டியிருக்கு."

ஆறு வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது. கையிலிருந்த அரிசியை முறத்தில் போட்டேன்.

"அந்தப் பாத்திரத்துல என்னத்தைப் போடுறது ஆடு? அன்னைக்குக் காலையிலதான் கல்லல்ல எங்க சித்தப்பா செத்துட்டாகன்னு தந்தி வந்துச்சு. தீட்டு. பாத்திரம் வேணும்னு அன்னைக்கே ஆள் வந்து நிக்கிறான். நல்ல காரியம் நடந்த வீட்டுக்கு, சாவு வீட்டுச் சீனியைப் போட்டு அனுப்பினா அடுக்குமா?"

தலையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது என்று முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதை அன்னைக்கே சொல்றதுக்கு வாய் வலிச்சுச்சாமா?" என்றார் ஆச்சி கடைசியில். "ஊருல உள்ளதெல்லாம் சொல்ற வாயி."

ஆட்டிடமாவது ஏதாவது சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். ஆடு மூன்று வீடு தள்ளிப் போய் வேறொரு நோட்டீசைத் தின்றுகொண்டிருந்தது. எப்போது போனதோ, நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. ஆச்சியும் அதைப் பார்த்தார். உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கருத்தையா ஏழரைக்கு வந்தான். பிள்ளைக்கு மருந்து கொடுத்து, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேதியைச் சொன்னேன். அவன் காக்கிச் சட்டையை எடுத்து நீவினான். விடியுமுன் கிளம்பிப் போய்விட்டான்.

அன்று மத்தியானம் நான் கேரியரோடு போனபோது மானேஜர் சந்தோஷமாக இருந்தார். கருத்தையா நாலே காலுக்கே ஸ்டாண்டில் நின்றானாம். பட்டியல் வேலை செய்கிறது என்றார். அப்புறம் குரலைத் தணித்துக் கேட்டார்.

"ஒண்ணுதான் புரியலை. ஒரு பதிலுக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. அந்தம்மா போனைக் கீழே வச்சுட்டுப் போய், ஆடு ஆடுன்னு கத்திட்டிருந்தாங்க. உங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சு உண்டுன்னுதானே போட்டிருக்கு?"

ஞானபூரணி டைப் அடிப்பதை நிறுத்தினாள். சேதுபதி அண்ணன் வாயில் சோற்றோடு நிமிர்ந்தார். மூன்று மத்தியானம் அடுத்தவர் குடும்பத்தை அளந்தவள் இப்போது என்ன சொல்கிறாள் என்று பார்க்கிற ஆசை எல்லோர் முகத்திலும் இருந்தது. இருக்காதா?

"இல்லை சார்" என்றேன். "ஆறு வருசமா பேச்சு இல்லை. ஜாடைதான்."

"ஜாடைன்னா?"

மருது பின்னறையிலிருந்து வெளியே வந்தார். இந்த ஐந்து மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"ஆள்கிட்ட பேசாம, நடுவுல ஒரு ஆட்டையோ மாட்டையோ நிறுத்திக்கிட்டு அதுகிட்ட பேசுறது சார். சேதி போயிரும். ரோஷமும் போகாது."

மானேஜர் மேசைக் கண்ணாடியைத் தூக்கினார். "சேதி போய்ச் சேருதில்ல? அதுதான் முக்கியம்" என்று பட்டியலை எடுத்து ஞானபூரணியிடம் கொடுத்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உண்டு என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினாள்: "பேச்சு இல்லை. ஜாடை உண்டு." மருதுவின் ஆணியில் தொங்கிய நகலிலும் அப்படியே எழுதினாள். இரண்டாவது நகலைக் கேட்டாள். "நானே எழுதிக்கிறேன்த்தா" என்றார் சேதுபதி அண்ணன்.

மாசியில் ஒரு நாள் வீரலட்சுமி ஒரு பித்தளைத் தூக்கைக் கொண்டுவந்து என் அடுப்படியில் வைத்தாள். உள்ளே சீடை. யார் கொடுத்தது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தூக்கைக் கழுவித் துடைத்து, பாதிக்கு மேல் சீனி போட்டு அவளிடமே கொடுத்தனுப்பினேன். அதற்காகப் பேச்சு வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தெருவில் பார்த்தால் ஆச்சி முகத்தை அங்குட்டுத் திருப்புவார், நான் இங்குட்டுத் திருப்புவேன்.

பங்குனியில், தைப்பூசத்துக்கு அப்புறம் ஒரு நாளும் தவறாத கருத்தையாவுக்கு நிரந்தரம் ஆயிற்று. கல்லல் வண்டி. நிரந்தர டிரைவரைக் கூப்பிட வேண்டியதில்லை என்பதால் ஞானபூரணி அவன் வரியைக் கோடு போட்டு அடித்தாள், மானேஜர் நகலிலும் மருது நகலிலும்.

ஞாயிற்றுக்கிழமை மானேஜருக்கு லீவு. அன்றைக்கு ஸ்பேர் ஆள் கூப்பிடுவது சேதுபதி அண்ணன். பையிலிருந்து தன் நகலைப் பிரிப்பார். வெற்றிலைக் கறை படிந்த அந்தத் தாளில் கருத்தையா இன்னும் ஸ்பேர்தான். ஆச்சி வீட்டில் மணி அடிக்கும். ஆச்சி வாசலுக்கு வருவார். "கருத்தையாவை நாளைக்கு வரச் சொல்றாக" என்பார், அன்றைக்குத் தெருவில் எது நிற்கிறதோ அதனிடம். "அவருக்குத்தான் வண்டி குடுத்தாச்சே, அடுத்த ஆளைப் பாக்கச் சொல்லு" என்பேன் நான். சேதுபதி அண்ணன் போனில் "ஆமால்ல" என்பாராம். வைத்துவிட்டு, தாளை மடித்துப் பையில் போட்டுக்கொள்வார். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது இது நடக்கிறது.

இதை நிறுத்த ஞானபூரணியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் சாப்பிட உட்காரும்போது சட்டைப் பையிலிருந்து அந்தத் தாள் எனக்கு நேரே எட்டிப் பார்க்கிறது. பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் மணி அடித்தது. தெருவில் ஆடு இல்லை, மாடு இல்லை, ஒரு காக்கைகூட இல்லை. ஆச்சி கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, விளக்குக் கம்பத்திடம் சேதியைச் சொன்னார். அப்படியே, பிள்ளைக்குக் காது ஆறிவிட்டதா என்றும் கேட்டார்.

ஆறிவிட்டது என்று கம்பத்திடம் சொன்னேன்.